கைமாறிய ஃபோன்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஒரு ஃபோன் கைமாறிய கதை சொல்கிறேன்.

கல்லூரி விடுதியில் ஓர் அறை. பரீட்சை முடிந்த மத்தியானம். உயரமாய் வளர்ந்ததால் நெட்டை என்று பெயர் வாங்கியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள்.

அந்த விடுதியில் ஒரு பழக்கம் உண்டு. பரீட்சை வாரத்தில் ஒரே அறையில் இருப்பவர்கள் ஃபோனை மாற்றிக்கொள்வார்கள். தன் ஃபோன் என்றால்தானே விரல் ஊறும்? வீட்டிலிருந்து செய்தி வந்தால், வைத்திருப்பவளே "சாப்பிட்டேன், படிக்கிறேன்" என்று தட்டிவிட வேண்டும். வீடு கலங்கக் கூடாது, அவ்வளவுதான்.

"இந்தாடி, உன் உயிரு. நீயே வச்சுக் காப்பாத்து," என்று அறைத்தோழி குருவி ஃபோனை நீட்டினாள்.

துள்ளி வாங்குவோம் என்றுதான் நெட்டை நினைத்திருந்தாள். கை சும்மா வாங்கியது. கட்டைவிரல் தானாகத் திரையைத் தள்ளத் தொடங்கியது. யாரோ சிரித்தார்கள். யாரோ ஆடினார்கள். யாருடைய பூனையோ மேசையிலிருந்து விழுந்தது.

சக்கையை மெல்வது போல இருந்தது. ஆனாலும் மென்றாள். அப்போது ஃபோன் அடித்தது. கூப்பிட்டது அம்மா.

தையல்காரி. பேசும்போதும் மெஷின் ஓடும். இன்று ஓடவில்லை.

"தங்கம், இந்த வாரந்தான்டி நீ எங்கிட்ட பேசின மாதிரியே இருந்துச்சு. முழங்கால் வலி எப்படி இருக்கு, ஒத்தடம் குடுத்தியான்னு தெனம் கேட்டியே! படிச்சிட்டு, மெஷின நிறுத்திட்டு அழுதுட்டேன், போ."

எந்த முழங்கால் என்ற கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"உம்," என்றாள்.

பேசி முடித்ததும் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தாள். அம்மாவின் குரல் பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் போட்டிருந்தது ஒரு கட்டைவிரல் படம். கேட்காமலே போட்டது.

அதன் பிறகுதான் ஃபோன் குருவியிடம் இருந்த வாரம். கேள்வி மேல் கேள்வி. பதில் மேல் பதில்.

அழுகை வரும் என்று நெட்டை காத்திருந்தாள். வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

திரை மினுங்கியது. 'சாயங்காலம் பேசலாமா தங்கம்?'

நெட்டை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்த குருவியிடம் ஃபோனை நீட்டினாள்.

குருவி வாங்கிக்கொண்டாள். கண் கசிந்து ஈரமான மூக்குக்கண்ணாடியைப் பாவாடையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'சரிம்மா' என்று தட்டத் தொடங்கினாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கூப்பிடுகிற குரலுக்கு, பெற்ற பிள்ளையே "என்னம்மா" என்று ஓடி வரட்டும்.