கொம்பன் கொடுத்த போஸ்

சஃபாரி ஜீப்பை நிறுத்தியதும் வழிகாட்டி பசவன் கையிலிருந்த திரையைத் தட்டினார். எதிரே நின்ற கொம்பனின் கழுத்துப்பட்டை அதிர்ந்தது. யானை பணிவாக முகத்தை இடப்பக்கம் திருப்பியது.

"கண்ணுல வெயில் படுற மாதிரி இன்னும் கொஞ்சம் திருப்பட்டுமா மேடம்?"

கேமராவும் கையுமாக இருந்த தில்ஷாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பட்டையை ஆஃப் பண்ணுங்கண்ணே."

"அப்புறம் அது இஷ்டத்துக்கு நிக்கும். 'காட்டு முகங்கள்' போட்டியில உங்க படத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடட்டும். ஆஃப் பண்ணுங்க."

அணைத்தார். கொம்பன் தலையை ஒருமுறை உதறியது. சாவகாசமாகத் திரும்பி, பின்புறத்தைக் காட்டி, வாலைத் தூக்கி லத்தி போட்டது.

பசவன் தலையில் அடித்துக்கொண்டார். தில்ஷாத் விடாமல் எடுத்துத் தள்ளினாள்.

போட்டிக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினாள். கீழே, 'போஸ், யானையின் சொந்த விருப்பம்' என்று எழுதினாள்.