புள்ளிகளுக்கு நடுவே

“ஆஸ்பத்திரியில மனுசனுக்குப் படம் எடுக்கவே மிசினு இல்ல. இங்க கல்லுக்கா எடுத்தீக? கல்லுக்கு என்ன சார் நோவு?”

வண்டிக்காரன் விருமாண்டி கேட்டான். ஆராய்ச்சிக்காரர் உக்கிரபாண்டி எக்ஸ்ரே குழாயை வைக்கோலில் பொதிந்துகொண்டிருந்தார். தேடுவதை ஒரு வருஷத்துக்குள் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மிஷின் ஆஸ்பத்திரிக்கு என்று கல்லூரியில் கெடு வைத்திருந்தார்கள். கெடு இன்றோடு முடிந்தது. மிஷினோடு அவர் வேலையும் போகிறது.

“அப்படி என்னத்தத்தேன் தேடுனீக?”

ஒரு வருஷத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் விருமாண்டிதான்.

“கெம்புக்கல்லுக்குள்ள அணுவெல்லாம் நாத்து நட்டாப்புல வரிசையா நிக்கும். எக்ஸ்ரே விட்டா பிளேட்டுல புள்ளி புள்ளியா விழும். சிலது வரிசை தப்பி நிக்குதுன்னு என் கணக்கு சொல்லுது. அப்ப புள்ளிகளுக்கு நடுவுல லேசாப் புகை படியணும்.”

“எம் பொண்டாட்டி நட்ட வயலப் படம் எடுத்திருந்தீகன்னா வெறும் புகைதேன் தெரியும்.”

உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

“நூத்தி நாப்பது பிளேட்டு. யுத்தகாலத்துல பம்பாய்க்காரங்கிட்டக் கெஞ்சி வாங்குனது. ஒண்ணுலகூடப் புகை இல்ல. என் கணக்குத்தேன் தப்பு. நாளைக்கு வாடிப்பட்டிக்குப் போயி மம்பட்டி பிடிக்க வேண்டியதுதேன்.”

இருட்டறையிலிருந்து நாகூர் கனி வந்தான். டவுன் ஹால் ரோட்டுப் போட்டோக் கடையில் பத்து வருஷம் இருந்தவன். உக்கிரபாண்டியின் பிளேட்டுகளைக் கழுவித் தருவது அவன் வேலை. கண் கலங்கியிருந்தது.

“கடைசிப் பிளேட்டும் காஞ்சிருச்சு சார்.”

உக்கிரபாண்டி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். புள்ளிகள். நடுவில் ஒன்றுமில்லை.

அவன் தோளைத் தட்டினார். “ஒன் வேலையில ஒரு குறையும் இல்லப்பா. ஒன் பொழப்பையும் சேத்துக் கெடுத்துட்டேன்.”

“கெடுக்கல சார். மிசினோட என்னையும் ஆஸ்பத்திரியில எடுத்துக்கிட்டாங்க. சயரோகக்காரங்களோட நெஞ்சுப் படத்தக் கழுவணுமாம்.”

“பாத்துக் கழுவுப்பா. உசுரு விசயம்.”

“எங்கிட்டச் சொல்லணுமா சார்? புகை அடிச்ச பிளேட்டக் கொடுத்தா போட்டோக் கடையில செவுட்டுல அறை விழும். இங்ககூட ஒண்ணு பாக்கியில்லாம எல்லாம் புள்ளிக்கு நடுவுல புகை அடிச்சுத்தான் வந்துச்சு. நீங்க பாக்குறதுக்குள்ள பஞ்சுல மருந்தத் தொட்டு அம்புட்டுப் புகையையும் தொடச்சு எடுத்துருவேன்ல? அதே கைதான் சார். இனிமே மதுரையில ஒருத்தன் நெஞ்சுலயும் ஒரு கறை தெரியாது.”