இரண்டாவது கம்ப்யூட்டர்

வேங்கிக்காலில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. பலராமன் வீட்டுக் கூடத்தில் பாட்டு தேனாக வழிந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்த ஜானி பாஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லாத்தானே பாடுது சார்?"

"இங்க பாடுது. இங்கருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கும் போவும் பாஷா. ஒரு வாரமா போவல."

போன வாரம் பாஷாதான், கண்டவர்கள் நுழையக் கூடாதென்று வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தான்.

"அந்தக் கம்ப்யூட்டரைக் காட்டுங்க சார். அதுலயும் பாஸ்வேர்டு போட்டுட்டா சரியாயிடும்."

"வேணாம். பாஸ்வேர்டையே எடுத்துடு."

"யார் வேணா உள்ள வந்துடுவாங்களே சார்!"

"பரவால்ல, எடு."

எடுத்தான். பலராமன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு பெயர் மின்னியது: சிந்துஜா.

அவர் கூடத்து ஸ்பீக்கரை அணைத்தார். அதே பாட்டு, சற்றுப் பின்தங்கி, எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து மிதந்து வந்தது.

"யாரு சார்?"

"என் பொண்ணு. அந்த வீட்டுப் பையனைக் கட்டிக்கிட்டுப் போனப்ப, கம்ப்யூட்டரை மட்டும்தான் எடுத்துட்டுப் போனா. நாங்க பேசி மூணு வருஷமாவுது" என்றவர், அவளுக்குப் பிடித்த அடுத்த பாட்டைத் தேட ஆரம்பித்தார்.