தளபதி மாரீஸ்வரனின் கடைசிப் போர்

"ஏங்க, அந்தப் போனைத் தூக்கி அடுப்புல போட்டாத்தான் அடங்குவீங்களா? தீபாவளியோட விட்டாச்சுன்னு சொன்னீங்களே!"

அடுப்படியிலிருந்து கலையரசி போட்ட சத்தத்தில் மாரீஸ்வரனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த ஒரு போர்தான் கலை. ராசிங்காபுரத்துலருந்து என் படையாளு அருள்மொழி போன் போட்டு அழுறான். நான் இல்லாம பிரெஞ்சுப் படைக்கு வரிசையா தோல்வியாம்."

எல்லாம் செல்போன் விளையாட்டில்தான். அதில் பிரெஞ்சுப் படைக்குத் தளபதியாக இருந்து, மனைவியின் தொணதொணப்பு தாங்காமல் ஓய்வு பெற்றவர் அவர். மற்ற நேரத்தில் போடியில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருக்கிறார்.

"தோத்துட்டா?"

"கேமையே அழிச்சிர்றேன். பரமசிவன் கோயில் சத்தியம். செயிச்சுட்டா, நீ இனிமே வாயே தெறக்கக் கூடாது."

"சரி" என்றாள். இவ்வளவு லேசில் ஒப்புக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

போர் தொடங்கியது. எதிரித் தளபதியின் பெயர் 'கருஞ்சிறுத்தை'. யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பேய் மாதிரி அடிப்பவன் என்று அருள்மொழி சொல்லியிருந்தான். மாரீஸ்வரன் முதல் கோட்டையில் பீரங்கிகளை வரிசைப்படுத்தினார்.

"ஏங்க, சிலிண்டர் தீந்துருச்சு. வெரசா மாத்திக் குடுங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மாடிப்படிக்குக் கீழே கிடந்த புது சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினார். கழற்றிய சிலிண்டர் இன்னும் கனமாகத்தான் இருந்தது. திரும்பி வந்தால் கோட்டை போயிருந்தது.

"அண்ணே, எங்கண்ணே போனீங்க?" போனில் அருள்மொழி கதறினான்.

இரண்டாவது கோட்டையில் குதிரைப்படையை இறக்கினார்.

"போடிமெட்டுப் பக்கம் இருட்டிட்டு வருதுங்க. மாடியில மிளகு காயுது!"

தலைதெறிக்க ஓடினார். மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. "ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்திக்கொண்டே இறங்கினார். அதற்குள் அந்தக் கோட்டையும் காலி.

மிச்சம் ஒரே கோட்டை.

"இனிமே வீடே இடிஞ்சு விழுந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்!"

"எந்திரிக்காட்டிப் போங்க. எங்கப்பா ஜீப்புல வந்து எறங்குறாரு. மருமகன் வாங்கன்னுகூட கேக்கலைன்னு சொல்லிக்கிட்டுப் போறாரு."

மாமனாராயிற்றே! சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஜீப்பும் இல்லை, மாமனாரும் இல்லை. தெருவில் ஈ, காக்கா இல்லை.

உள்ளே வந்து போனைப் பார்த்தார். கடைசிக் கோட்டையிலும் எதிரியின் கொடி பறந்தது.

"இவளைக் கட்டிக்கிட்டு எந்தப் போரைத்தான் செயிக்கிறது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது போன் 'டிங்' என்றது. கருஞ்சிறுத்தையிடமிருந்து செய்தி:

'பரமசிவன் கோயில் சத்தியம் ஞாபகம் இருக்குல்ல? கேமை அழிச்சிட்டு, மாடிக்குப் போய் மிளகைக் கிண்டி விடுங்க. ஒரு வீட்டுக்கு ஒரு தளபதி போதும்.'