பட்டத்து அடி

"இவனுக்கு யாரு அடி குடுப்பாங்களாம்?" என்று பட்டமேற்க வந்த மீலோன் கேட்க, முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆன்ஸோவின் காதிலும் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

பெந்தெகொஸ்தே பெருநாள். பிரான்சு நாட்டுப் பிக்கார்டியில், பிரபு எவ்ராரின் கோட்டையில் இளைஞர்கள் வீரப்பட்டம் ஏற்கும் நாள். இடுப்பில் வாளைக் கட்டியதும் பிடரியில் உள்ளங்கையால் ஓர் அடி விழும். வீரனாகப்பட்டவன் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்ளும் கடைசி அடி. அந்த அடியை, பெற்ற தகப்பனே கொடுப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.

ஆன்ஸோ, கோட்டைச் சலவைக்காரியின் மகன். தகப்பன் யாரென்று சொல்லாமலே அவள் கண்ணை மூடிவிட்டாள். சின்ன வயதில் ஞாயிறு பூசைக்கு வரும் ஆண்களின் முகங்களில் அவன் தன் மூக்கைத் தேடுவான்.

பாதிரியார் மன்றாடியதால்தான் பிரபு எவ்ரார் அவனைப் படையில் சேர்த்தார் என்று பேச்சு. சேர்த்தாரே தவிர, ஒருநாளும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

சடங்கு தொடங்கியது. பிள்ளைக்கு வலித்துவிடுமோ என்று பயந்தவர்கள் போலத்தான் அப்பாக்கள் எல்லோரும் தட்டினார்கள். மீலோனின் அப்பா, தட்டிய கையை எடுக்க மனமில்லாமல் மகன் தோளிலேயே வைத்திருந்தார்.

ஆன்ஸோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தோளில் அப்படி ஒரு கை ஒரே ஒரு தரம் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தான்.

அவன் முறை வந்தது. கிழட்டு வீரர் கோபேர் மனமிரங்கி, தானே அடிக்கிறேன் என்று முன்வந்தார். அதற்குள் எவ்ரார் எழுந்து வந்து அவரை விலக்கினார்.

மேடையில் பிரபுவின் மனைவி. பக்கத்தில் அவளுடைய அண்ணன்மார்கள். அவர்கள் படைபலத்தில்தான் கோட்டையே நின்றது.

எவ்ரார் கையை ஓங்கி ஒரே அடி அடித்தார். ஆன்ஸோ குப்புற மண்ணில் விழுந்தான்.

நாதியத்த பிள்ளையிடம் இவ்வளவு வன்மமா என்று கோபேர் முணுமுணுத்தார். சீமாட்டி மட்டும் திருப்தியாகத் தலையசைத்தாள்.

பிடரி தீயாய் எரிய, ஆன்ஸோ முழங்காலிட்டு எழுந்தான். நெகிழ்ந்திருந்த அவனது வாள்கச்சையை இறுக்குவது போல எவ்ரார் குனிந்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்லீங்க, பிரபு."

அவர் கச்சையின் வாரை இழுத்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா தொட்டிருந்தா, எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிருக்கும்டா மகனே."