கூடையோடு ஏறலாம்

"கூடையோட ஏறுங்கக்கா, இன்னைக்கு ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்று மினிபஸ் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான் கண்டக்டர் செல்வதாஸ். கடற்கரை நிறுத்தத்தில் மீன்கூடைகளோடு நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

நேற்றுவரை "மீன்கூடைய ஏத்தாத, வண்டி நாறும்" என்று விசிலடித்துவிட்டுப் போனவனும் இவனேதான். தேர்தல் வந்தால் மீனும் மணக்கும் அல்லவா? இத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் தலைச்சுமையோடு திங்கள்சந்தை வரைக்கும் நடந்தார்கள்.

இன்றைக்கு வாக்குப்பதிவு. பஸ் முதலாளி ரசலையன் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கிறார். எதிர்த்து நிற்பவள், மீன்காரிகளின் சங்கம் நிறுத்திய பெபிஷா. மீன்கூடையை பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் வரை போய் நின்றவள்.

"மீன்காரிகளுக்க வோட்டு நமக்கு விழலேன்னா, நாளைக்கு நீ சோலிக்கு வராண்டாம்" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். செல்வதாஸின் மகளுடைய நர்சிங் படிப்பு பாதியில் நிற்கிற நேரம்.

வாக்குச்சாவடி, சந்தைக்குப் போகும் வழியில் இரண்டு மைல் தள்ளி இருந்த பள்ளிக்கூடம். யார் வண்டியில் போகிறார்களோ அவருக்குத்தான் குத்துவார்கள் என்பது முதலாளியின் கணக்கு.

சங்கத் தலைவி கிரேசி முன்னால் வந்தாள். "கூடைய எங்க வைக்க?"

"சீட்டுலயே வையுங்க, முதலாளி சொல்லியாச்சு. ஆனா வோட்டு போடதுக்குக் கூடை எதுக்குக்கா?"

"இங்க வச்சிட்டுப் போனா காக்காயும் பூனையும் சும்மா விடுமா மக்கா?"

இடது கையை முந்தானைக்குள் வைத்தபடியே, வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள் கிரேசி. பின்னால் வந்தவர்களும் அப்படியே ஏறினார்கள். மழைக்காற்றில் குளிருகிறதுபோல என்று நினைத்துக்கொண்டு, கூடைகளை அவனே ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தான். மீன்தண்ணீர் சட்டையெல்லாம் வடிந்தது. சோலி பிழைத்தால் போதும் என்று சகித்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னாலேயே, வெள்ளை வேட்டியில் காத்து நின்றார் ரசலையன். நிறைந்து வரும் பஸ்ஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இனி நம்ம பஸ்ஸுல மீன்கூடை தாராளமா ஏறும்" என்று, வரிசையில் நின்ற ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

செல்வதாஸ் கதவைத் திறந்துவிட்டான். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"எறங்குங்கக்கா, ஊரே பாத்துட்டு நிக்கு" என்றான், முதலாளிக்குக் கேட்காத குரலில்.

"பாக்கட்டும் மக்கா, நாங்க ஏழு மணிக்கே நடந்து வந்து பெபிஷாவுக்குப் போட்டாச்சு, நீ வண்டிய சந்தைக்கு விடச் சொல்லு" என்றாள் கிரேசி, முந்தானைக்குள் வைத்திருந்த இடது கையை எடுத்து, மை வைத்த விரலைக் காட்டி.