அரைப் பக்கப் பாட்டு

"உள்ள கிராமபோன் தட்டைச் சுத்த விட்டுட்டு நம்மளை ஏமாத்தறாங்கடா!" மகன் சந்திரநாதன் காதைக் கடித்தாள் ஜ்வாலாமாலினி.

பெண் பார்க்க வந்த இடம். உள்ளறையிலிருந்து பியானோ சத்தம் வந்துகொண்டிருந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர் வீட்டில் பியானோவாம்! கேப்பையில் நெய் வடிகிறதென்றால் கேட்பாருக்குப் புத்தி எங்கே போயிற்று?

அவள் சந்தேகம் சும்மா வந்ததில்லை. அவள் அக்கா மகனுக்கு இளையவளைக் காட்டிவிட்டு, மணவறையில் மூத்தவளை உட்கார வைத்துவிட்டார்கள். இவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை. பொய்யும் புரட்டும் இல்லாத பெண்ணாக வரவேண்டுமே என்று அடித்துக்கொண்டது மனசு.

விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பெண் பத்மினிதான் பத்து விரலாலும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பாண்டிச்சேரி கான்வென்ட்ல கத்துகினாம்மா," என்றபடி பின்னாலேயே ஓடி வந்தார் பெண்ணின் அப்பா சீதளநாதன். "ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரங்க வூட்டுப் பியானோ. லாரியில ஏத்திகினு வந்தேன். நீங்க நிதானமாக் கேளுங்க. பொழுது ராஜகிரி மலைக்கு மேல இருக்கறப்பவே இலை போட்டுடறோம். நம்ம ஜைன ஆசாரம் எங்களுக்குத் தெரியாதா?"

ஜ்வாலாமாலினிக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆசாரத்துல எங்க சந்துருவை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க. அவனும் ஆறு வருஷமா மெட்ராஸ்ல பியானோ கத்துக்கறான். புதன்கிழமையானா ஆபீஸ்லேர்ந்து நேரா கிளாஸ். வூட்டுக்கு வர்றப்போ இருட்டிடும். பொழுது சாஞ்சப்புறம் ஒரு பருக்கை தொடமாட்டான். பசிக்கலைம்மான்னு படுத்துப்பான், தங்கம்!"

சீதளநாதனுக்குப் புல்லரித்துப் போயிற்று.

"எங்கே, இன்னொரு தரம் வாசி. என் புள்ள கேட்டுட்டுச் சொல்லட்டும்," என்று மகனையும் உள்ளே கூப்பிட்டாள்.

பத்மினி ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தாள். "ஹங்கேரின்னு ஒரு தேசம். அங்க கிராமத்து ஜனங்க பாடற பாட்டை வெச்சு, பியானோ புதுசா கத்துக்கறவங்களுக்காக எழுதினது," என்று சொல்லிவிட்டு வாசித்தாள்.

ஏதோ நம் பக்கத்து நடவுப் பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. ஜ்வாலாமாலினியின் கால் தன்னாலே தாளம் போட்டது. நாலு தட்டுத் தட்டியிருப்பாள், பாட்டு நின்றுவிட்டது.

"இன்னாது, அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா?" போன சந்தேகம் புது வேகத்தோடு திரும்பி வந்தது. இவளுக்குத் தெரிந்ததே அவ்வளவுதானோ? "நீ சொல்லுடா!"

ஏற்கெனவே ஏழு பெண்களை ஏதாவது ஒரு குறை சொல்லித் தட்டிக்கழித்தவன் சந்திரநாதன். தொண்டையைக் கனைத்தான். "பல்லவியோட நிறுத்திட்டாங்கம்மா. அனுபல்லவி, சரணம் எல்லாம் பாக்கி இருக்குது. இந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்."

"பாத்தீங்களா! அரைகுறையை எங்க தலையில கட்டப் பாத்தீங்களே! கெளம்புடா, திண்டிவனம் பஸ்ஸைப் புடிக்கலாம்."

சீதளநாதன் முகம் செத்துப் போயிற்று. அதைப் பார்த்ததும் பத்மினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புத்தகத்தைத் தூக்கி ஜ்வாலாமாலினியின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்கம்மா. பாட்டே அரைப் பக்கந்தான். இதோ, ரெட்டைக் கோடு. முடிஞ்சுதுன்னு அர்த்தம். கீழ இருக்கறது வேற பாட்டு." பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். எல்லாமே அரைப் பக்கம், முக்கால் பக்கம். ஒவ்வொன்றின் முடிவிலும் ரெட்டைக் கோடு. "இதுல பல்லவியும் கிடையாது, சரணமும் கிடையாது. ஆறு மாசம் கத்துகினவங்களுக்கே இது தெரியும். ஆறு வருஷம் படிச்சவரை ஒரே ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்க."

ஜ்வாலாமாலினி மகனைப் பார்த்தாள். "வாசிடா. இவங்க மூக்கை உடைச்சுட்டு வா."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

ஊராரையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவள், பெற்ற பிள்ளையை ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

"அப்போ புதன்கிழமைல எங்கடா போனே? பசிக்கலைன்னு படுத்தியே, எந்த வூட்லடா சாப்டுட்டு வந்தே?"

சந்திரநாதன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"உனக்கு ரெண்டு வயசுல ஒரு பேத்தி இருக்குதும்மா."